நோக்கியா 5800: குறை திரையிலா, மென்பொருளிலா?

கேள்வி
எழுதியவர்: நிறைமதி_வடிவமைப்பு

அனைவருக்கும் வணக்கம். நான் பொருள் வடிவமைப்பு படிக்கும் மாணவி. தொடுதிரைக் கைபேசிகள் பரவத் தொடங்கிய காலத்துக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைக் கையாள்வதில் இருந்த இடர்ப்பாடுகளை ஆராய்ந்து துறைக் கருத்தரங்கில் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பணி தந்திருக்கிறார்கள். ஐபோனைப் பற்றிப் பேச வகுப்பில் பலர் முன்வந்துவிட்டதால், 2008 அக்டோபர் 2 அன்று அறிவிக்கப்பட்ட நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ்மியூசிக்கை நான் தேர்ந்தெடுத்தேன். நோக்கியாவின் எஸ்60 மென்பொருள் தொடுதிரையோடு வெளிவந்த முதல் கைபேசி அது. என் சித்தப்பா பத்திரமாக வைத்திருந்த ஒன்று இப்போதும் இயங்குவதால், அதைக் கையில் வைத்துப் பார்த்தபடியே குறிப்பெடுத்து வருகிறேன்.

என்னைக் குழப்புவது ஒரே செயலுக்கு இடத்துக்கு இடம் மாறும் விதிதான். முதன்மை மெனுவில் ஐகான்கள் கட்டம் கட்டமாக நிற்கும்போது ஒருமுறை தட்டினாலே செயலி திறந்துவிடுகிறது. தொடர்புகள் பட்டியலுக்குப் போனால், முதல் தட்டலில் அந்தப் பெயரின்மேல் வண்ணப்பட்டை வந்து உட்காருகிறதே தவிர, பெயர் திறப்பதில்லை. இரண்டாம் முறை தட்டினால்தான் திறக்கிறது. அங்கிருந்து 'விருப்பங்கள்' என்பதைத் தொட்டால் எழும் மெனுவில் மறுபடியும் ஒரு தட்டலே போதுமானதாக இருக்கிறது. ஒரு பெயரைத் தேடி எடுத்து அழைப்பதற்குள் இந்த இரண்டு பழக்கங்களுக்கும் இடையே கை மாறி மாறிப் போக வேண்டியிருக்கிறது.

இதைத் தவிர, இணைய உலாவியில் தேடல் பெட்டியைத் தொட்டவுடன் பக்கமே மறைந்து, எழுதுவதற்கென்று தனித் திரை ஒன்று முழுதாக வந்துவிடுகிறது. எதற்காக எழுதுகிறோம் என்பதைப் பார்த்துக்கொண்டே எழுத முடிவதில்லை. பட்டியல்களின் வலது ஓரத்தில் இருக்கும் ஸ்க்ரோல் பட்டையோ விரலின் அகலத்தில் சிறு பங்குகூட இல்லை.

இணையத்தில் தேடினால், 'அது ரெசிஸ்டிவ் (அழுத்தத்தை உணர்ந்து இயங்கும்) திரை, அதனால்தான்' என்ற ஒரே பதில்தான் எங்கும் கிடைக்கிறது. ஆனால் இரண்டு தட்டல் விதியைத் திரையின் வகை எப்படி உண்டாக்கியிருக்க முடியும் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தக் குறைகளில் எவை திரையைச் சேர்ந்தவை, எவை மென்பொருளைச் சேர்ந்தவை என்று பிரித்துக் காட்ட அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

---

மறுமொழி 1
எழுதியவர்: சிம்பியன்_நிரலாளர்

வணக்கம். நீங்கள் ஐயப்பட்டது சரிதான். இரண்டு தட்டல் விதிக்கும் திரையின் வகைக்கும் தொடர்பே இல்லை. அந்த நாள்களில் பெங்களூரில் எஸ்60 செயலிகள் எழுதும் ஒரு குழுவில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அது எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

எஸ்60 இடைமுகம் 2002இல் வந்த நோக்கியா 7650 கைபேசியோடு தொடங்கியது. திரைக்குக் கீழே இடமும் வலமுமாக இரண்டு சாஃப்ட் கீ (திரையில் அதற்கு மேலே தெரியும் சொல்லுக்கேற்ப வேலை மாறும் விசை), நடுவே நான்கு திசையிலும் நகர்ந்து அழுத்தவும் கூடிய ஒரு விசை. இந்த மூன்றையும் வைத்துத்தான் மென்பொருள் முழுவதும் எண்ணிப் பார்க்கப்பட்டது. பட்டியல் ஒன்று திரையில் இருக்கிறது என்றால் அதில் ஏதாவது ஒரு வரி எப்போதும் தேர்வில் இருந்தே தீரும்; நீங்கள் சொல்லும் வண்ணப்பட்டை அதுதான். திசை விசையால் அதை நகர்த்துவார்கள், நடு விசையை அழுத்தித் திறப்பார்கள். இடப்பக்க சாஃப்ட் கீயை அழுத்தினால் வரும் 'விருப்பங்கள்' மெனுவில் 'நீக்கு' என்று இருந்தால், எதை நீக்குவது என்ற கேள்விக்கு அந்த வண்ணப்பட்டை நிற்கும் வரியே விடை.

5800இல் வந்த எஸ்60 ஐந்தாம் பதிப்பில் இந்த ஏற்பாட்டைக் கலைக்காமல் அதன்மேல் தொடுதலை ஏற்றினார்கள். முதல் தட்டல் திசை விசையின் வேலையைச் செய்கிறது, அதாவது பட்டையை அந்த வரிக்குக் கொண்டுவருகிறது. இரண்டாம் தட்டல் நடு விசையின் வேலையைச் செய்கிறது. ஒரே தட்டலில் திறந்துவிடும்படி மாற்றியிருந்தால், ஒரு செய்தியைத் திறக்காமல் அதை மட்டும் குறித்து நீக்குவதற்கு வழியே இல்லாமல் போயிருக்கும். ஏனெனில் 'விருப்பங்கள்' மெனு தேர்வில் உள்ள வரியை நம்பியே இயங்கியது. ஆகவே அந்த இரண்டாம் தட்டல் யாரோ கவனக்குறைவாக விட்டுச்சென்ற பிழையாக எனக்குத் தோன்றவில்லை. அடித்தளத்தை அப்படியே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தபின் அது தவிர்க்க முடியாத விளைவாகவே வந்து நின்றது. முதன்மை மெனுவின் ஐகான்கள், விருப்பங்கள் மெனுவின் வரிகள் போன்ற இடங்களில் 'குறித்துவைத்தல்' என்ற தேவையே எழாததால் அங்கே ஒரு தட்டலோடு விட்டார்கள். பயனருக்கு அந்தக் காரணம் எதுவும் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிவது தொடக்கூடிய வரிகளும் படங்களும் மட்டுமே. ஒரே போலத் தோற்றமளிக்கும் இரண்டு வரிகள் இரண்டு விதமாக நடந்துகொள்வதைவிடப் பெரிய குறை ஓர் இடைமுகத்தில் இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

அடித்தளத்தை ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், அதற்கு நியாயமான காரணம் இருந்தது. எஸ்60 மூன்றாம் பதிப்புக்கென்று எழுதப்பட்ட செயலிகள் ஏராளமாக இருந்தன. அவற்றை எழுதியவர்கள் பெரிய மாற்றமின்றிப் புதிய கைபேசிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நோக்கியா விரும்பியது. பட்டியல், மெனு, படிவம் என எல்லாக் கூறுகளும் ஒரே நூலகத்திலிருந்து வந்தன. அந்த நூலகத்துக்குள் தொடுதலைப் புகுத்திவிட்டால் செயலி எழுதியவர் கைவைக்காமலேயே அவருடைய பட்டியலும் தொடுதலுக்கு இணங்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய வசதியாக இருந்தது. அந்த வசதிக்கான விலையைக் கொடுத்தவர் கைபேசியை வாங்கியவர்.

எழுதும்போது பக்கம் மறைந்துபோவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. எண்விசைகள் உடம்பிலேயே இருந்த கைபேசியில் எழுதுவதற்குத் திரையில் தனியிடம் தேவைப்படவில்லை. எழுத்து நேராகப் பெட்டிக்குள் விழுந்தது. விசைகள் திரைக்குள் வந்தபோது பழைய பக்கத்தைச் சுருக்கி மேலே ஒதுக்கி, கீழே விசைப்பலகையை வைக்கும்படி ஒவ்வொரு திரையின் அமைப்பையும் திருத்தியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் மூடும் ஓர் எழுதுதிரையைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

ஜாவா செயலிகளைத் திறந்து பாருங்கள். தொடுதலை அறியாத ஜாவா செயலி ஒன்றுக்கு, திரையின் கீழ்ப்பகுதியில் திசை விசையும் சாஃப்ட் கீயும் படமாக வரையப்பட்டுத் தோன்றும். கைபேசியிலிருந்து கழற்றப்பட்ட விசைகள் திரைக்குள் குடியேறிச் செயலிக்கான இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டன. உங்கள் கருத்தரங்கில் ஒரே ஒரு படம்தான் காட்ட முடியும் என்றால் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

---

மறுமொழி 2
எழுதியவர்: கைபேசிப்பட்டறை

மேலே நண்பர் எழுதியதை ஏற்கிறேன். ஆயினும் திரைக்குப் பொறுப்பே இல்லை என்று மாணவி முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பல நிறுவனங்களின் ரெசிஸ்டிவ் கைபேசிகளை நான் பிரித்துப் பழுதுபார்த்திருக்கிறேன். இங்கே சொல்வது அந்த வகைத் திரை முழுவதற்கும் பொருந்தும்.

தொழிலில் தொடுதலை உணரும் பகுதியை 'டச்' என்றும், அதற்கு அடியில் படம் காட்டும் பகுதியை 'டிஸ்ப்ளே' என்றும் தனித்தனியாகவே சொல்வோம். அவை தனித்தனிப் பாகங்கள்தாம். டச்சின் மேற்புறம் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் ஏடு, கீழ்ப்புறம் வளையாத தட்டு. இரண்டின் உட்பக்கங்களிலும் மின்சாரம் கடத்தும், ஒளி ஊடுருவும் பூச்சு இருக்கும். இரண்டும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவே மிக நுண்ணிய புள்ளிகள் தூவியிருப்பார்கள். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பெருக்கிக் காட்டும் கண்ணாடியால் பார்த்தால் அந்தப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அழுத்தும் இடத்தில் மேலேடு வளைந்து கீழ்த்தட்டைத் தொடும். அந்த இடத்தில் கிடைக்கும் மின்னழுத்தத்தை முதலில் கிடைவாக்கிலும் பின்னர் செங்குத்தாகவும் அளந்து, தொட்ட இடம் எது என்று கைபேசி கணக்கிட்டுக்கொள்ளும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. முதலாவது எல்லோரும் அறிந்தது: வேண்டியது அழுத்தம், தொடுகை மட்டும் போதாது. நகமோ ஸ்டைலஸோ (திரையைத் தொடுவதற்கான கூர்முனைக் குச்சி) சிறு புள்ளியில் விசையைக் குவிப்பதால் உடனே பதிகிறது. விரலின் சதைப்பகுதி அதே விசையைப் பரப்பிவிடுவதால் சில வேளை பதிகிறது, சில வேளை பதிவதில்லை. விரலை இழுத்துக்கொண்டு போகும்போது அழுத்தம் நடுவில் சற்றுத் தளர்ந்தால் இழுப்பு அங்கேயே அறுந்துபோகும். பெட்டிக்குள் கிட்டார் மீட்டும் வில்லை வடிவத்தில் ஒரு தட்டையான துண்டைக் கூடவே கொடுத்ததும், பின்மூடியில் ஸ்டைலஸுக்கு இடம் வைத்ததும் இதனால்தான்.

இரண்டாவது விளைவைப் பலர் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிது. இத்தகைய சாதாரண டச்சுக்கு ஒரு நேரத்தில் ஓர் இடம் மட்டுமே தெரியும். இரண்டு இடங்களில் ஒன்றாக அழுத்தினால் அது இரண்டாக அளக்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் இடத்தை விடையாகத் தரும். கைபேசியைக் குறுக்காகப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் வேகமாகத் தட்டச்சு செய்பவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். இடக் கட்டைவிரல் எழுவதற்குள் வலக் கட்டைவிரல் இறங்கிவிடும். அந்த நொடிப்பொழுதில் கைபேசி காண்பது இரண்டு எழுத்துகளுக்கும் நடுவே எங்கோ இருக்கும் மூன்றாவது எழுத்தை. 'இந்த எழுத்தை நான் தொடவே இல்லையே' என்று வாடிக்கையாளர் சொல்லும்போது அவர் சொல்வது உண்மை. எந்த நிறுவனத்தின் கைபேசியானாலும் இதே முறையீடு வரும். டச்சைப் புதிதாக மாற்றினாலும் தீராது. ஒரு விரலை முழுதாக எடுத்த பிறகு அடுத்ததை வையுங்கள் என்று சொல்லி அனுப்புவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை.

நீங்கள் குறிப்பெடுக்கும் கைபேசி பழையது என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலப்போக்கில் பூச்சு தேய்ந்து அளவு விலகிப்போகும். மேலே ஒன்றைத் தொட்டால் கீழே உள்ளது திறக்கும். 5800இல் அமைப்புகளுக்குள் தொடுதிரை அளவைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. திரையில் தோன்றும் குறிகளை ஸ்டைலஸால் ஒவ்வொன்றாகத் தொட்டு அதை முடித்துவிட்டு, அதன் பிறகு உங்கள் சோதனைகளைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் முதுமையின் குறையை வடிவமைப்பின் குறையாக எழுதிவிட நேரும்.

---

மறுமொழி 3
எழுதியவர்: ஒலிவழி_வாசகர்

திரையா மென்பொருளா என்ற இந்த விவாதத்தில் விடுபட்டுப்போன ஒரு தரப்பினருக்காக எழுதுகிறேன். நான் பார்வையற்றவர்களுக்குக் கணினியும் கைபேசியும் கற்பிக்கும் பணியில் இருக்கிறேன்.

எண்விசைக் கைபேசியில் 5 என்ற விசையின்மேல் ஒரு சிறு மேடு இருக்கும். கட்டைவிரல் அதைக் கண்டுகொண்டால் போதும். மேலே 2, கீழே 8, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6 என்று விசைப்பலகை முழுவதும் கைக்குள் வந்துவிடும். சிம்பியன் (எஸ்60க்கு அடியில் இருந்த இயங்குதளம்) கைபேசிகளுக்கென்று திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் 'டாக்ஸ்' போன்ற மென்பொருள்களும் இருந்ததால், எஸ்60 கைபேசிகள் பார்வையற்றோர் பலருக்கு உற்ற துணையாக இருந்தன. திசை விசையால் பட்டையை ஒரு வரி நகர்த்தினால் அந்த வரியின் பெயரைக் குரல் சொல்லும்; வேண்டியது வந்ததும் நடு விசையை அழுத்தலாம். முதல் மறுமொழியில் நண்பர் விவரித்த 'எப்போதும் ஒரு வரி தேர்வில் இருக்கும்' என்ற அந்த அமைப்புதான் இதைச் சாத்தியமாக்கியது. கண்ணால் பார்ப்பவருக்குத் தொல்லையாகத் தெரியும் அந்த வண்ணப்பட்டை, பார்வையற்றவருக்கு 'நான் இப்போது இங்கே இருக்கிறேன்' என்று அறிவிக்கும் அடையாளம்.

5800 வந்தபோது அந்தப் பட்டை மென்பொருளுக்குள் இருந்தது. அதை நகர்த்தும் விசை மட்டும் உடம்பில் இல்லை. திரைக்குக் கீழே அழைப்பு, மெனு, துண்டிப்பு ஆகிய மூன்று விசைகளே எஞ்சின. மற்றபடி வழவழப்பான ஒரு பரப்பு. எங்கே என்ன இருக்கிறது என்று விரலால் தடவி அறிய வழியில்லை, தெரியாமல் அழுத்தம் பட்டால் ஏதாவது திறந்துவிடும் என்ற அச்சம் வேறு. தட்டும்போது கைபேசி இலேசாக அதிர்ந்து காட்டியது உண்மை. ஆனால் அந்த அதிர்வு எல்லா இடத்திலும் ஒன்றேதான். தட்டல் பதிந்தது என்று சொல்லுமே ஒழிய, எது பதிந்தது என்று சொல்லாது.

தொடுதிரை என்றாலே பார்வையற்றவருக்கு ஆகாது என்று பொருளாகிவிடாது என்பதை ஆப்பிள் 2009 ஜூனில் ஐபோன் 3ஜிஎஸ் கைபேசியில் வாய்ஸ்ஓவரைக் கொண்டுவந்து காட்டியது. விரல் எங்கே படுகிறதோ அங்கே இருப்பதை முதலில் குரல் சொல்லும். திறக்க வேண்டுமானால் இரண்டு முறை தட்ட வேண்டும். கவனியுங்கள், அங்கேயும் தேர்வு ஒரு படி, திறப்பு இன்னொரு படி. அதே இரண்டு படிகளை நோக்கியா 5800 பட்டியல்களுக்குள் வைத்திருந்தும் அவற்றை இணைக்கும் குரல் கைபேசியோடு வராததால் இரு சாராருக்குமே அவை பயன்படாமல் போயின. இந்தக் கைபேசியைப் பற்றி எனக்கு மிகுந்த வருத்தம் தருவது அதுதான். உங்கள் உரையில் இதற்கும் சிறிது நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

---

மறுமொழி 4
எழுதியவர்: நிறைமதி_வடிவமைப்பு

மூவருக்கும் நன்றி. வண்ணப்பட்டை பார்வையற்றவர்களுக்கு எப்படிப் பயன்பட்டது என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை, கட்டாயம் சேர்த்துக்கொள்வேன்.

பட்டறை நண்பர் சொன்னபடி அளவைச் சரிசெய்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். ஓரங்களில் இருந்த விலகல் நன்றாகக் குறைந்துவிட்டது. குறுக்காகப் பிடித்து இரண்டு கட்டைவிரலையும் வேண்டுமென்றே ஒரே நேரத்தில் படும்படி வைத்தபோது, அவர் சொன்னது போலவே நடுவில் இருக்கும் எழுத்து வந்து விழுந்தது.

இன்னும் ஓர் ஐயம். அந்தக் காலத்துத் தொடுவிசைகள் எல்லாமே விரலுக்குச் சிறியவைதாமே? அப்படியிருக்க ஐபோனில் எழுதுவது எளிது என்று ஏன் சொன்னார்கள்?

---

மறுமொழி 5
எழுதியவர்: அளவுகோல்

இந்த ஐயத்துக்குக் கணக்குப் போட்டே விடை காணலாம். 5800இன் திரை 3.2 அங்குலம், 360க்கு 640 பிக்சல். அப்படியானால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 229 பிக்சல். திரையின் அகலம் சுமார் 40 மி.மீ., உயரம் சுமார் 71 மி.மீ. முதல் ஐபோனின் திரை 3.5 அங்குலம், 320க்கு 480 பிக்சல், அகலம் சுமார் 50 மி.மீ. நேராகப் பிடித்திருக்கும்போது ஐபோன் ஒரு வரிசையில் பத்து எழுத்துகளை வைத்தது. ஆகவே ஒரு விசைக்குக் கிடைத்தது 5 மி.மீ. மட்டுமே. ஆள்காட்டி விரலின் நுனி ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் அகலம் உடையது. அளவை மட்டும் பார்த்தால் ஐபோனின் விசைப்பலகையும் விரலுக்கு ஒவ்வாததுதான்.

வேறுபாடு தவறான தட்டலை ஏற்று நடத்திய முறையில் இருந்தது. ஐபோனில் விசையைத் தொட்டவுடன் அந்த எழுத்து விரலுக்கு மேலே பெரிதாக எழும்பித் தெரிந்தது; தவறு என்று கண்டால் விரலை எடுக்காமலே பக்கத்து எழுத்துக்கு நகர்த்தலாம், விரலை எடுக்கும்போதுதான் எழுத்து பதியும். அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்பதை ஊகித்து, அந்த விசை தொடுதலை ஏற்கும் பரப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாக்கிக்கொண்டது. அதையும் மீறித் தவறினால் சொல்லையே திருத்தித் தந்தது. விரல் பிழை செய்யும் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப எழுதப்பட்ட மென்பொருள் அது.

5800 வேறு வழியில் போனது. நேராகப் பிடித்தால் பழைய எண்விசைப்பலகையைப் பெரிய கட்டங்களாகத் தந்தது. சொல் ஊகத்தோடு சேர்த்துப் பயன்படுத்தினால் அதில் பிழை குறைவு. என் கணிப்பில் அந்தக் கைபேசியில் விரலுக்கு மிகவும் இணக்கமான எழுத்துமுறை அதுதான். ஸ்டைலஸால் தொட வேண்டிய சிறு எழுத்துப்பலகை ஒன்றும், கையெழுத்தை அறியும் வசதியும், குறுக்காகப் பிடித்தால் முழு எழுத்துப்பலகையும் கூடவே இருந்தன. இத்தனை முறைகள் இருந்தும், அவற்றுள் ஒன்றையாவது பிழை பொறுக்கும்படி ஆழமாகச் செதுக்கவில்லை.

அதே வேளையில் இந்தக் கைபேசியின்மேல் ஒருதலையாகக் குற்றம் சுமத்துவதும் சரியன்று. வரியும் மானியமும் நீங்கலாக 279 யூரோ என்ற விலையில் அறிவிக்கப்பட்ட கைபேசி இது. முதல் ஐபோனில் இல்லாத 3ஜி, ஜிபிஎஸ், வீடியோ பதிவு, வெட்டி ஒட்டும் வசதி ஆகியவை இதில் இருந்தன. திரையைப் பூட்டவும் திறக்கவும் பக்கவாட்டில் வைத்த சறுக்கு விசையைப் பையிலிருந்து எடுக்கும்போதே பார்க்காமல் இயக்கலாம். திரைக்கு மேல் மூலையில் இருக்கும் குறியைத் தொட்டால் பாட்டு, படம், உலாவி ஆகியவற்றுக்கான பெரிய ஐகான்கள் கொண்ட பட்டை ஒன்று இறங்கி வரும். விரலை மனத்தில் வைத்துப் புதிதாக வரையப்பட்ட இத்தகைய இடங்களில் எல்லாம் அதே ரெசிஸ்டிவ் திரை நன்றாகவே வேலை செய்கிறது என்பதை நிறைமதி கவனிக்க வேண்டும். அவருடைய முதற்கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஸ்க்ரோல் பட்டையைப் பற்றியும் இதையே சொல்லலாம். தொடக்கத்தில் பட்டியலை விரலால் உந்திவிட்டால் அது தானாக ஓடி மெல்ல நிற்கும் இயக்கம் இல்லை. நூற்றுக்கணக்கான பெயர்கள் உள்ள பட்டியலில் ஓரத்துப் பட்டையைப் பிடித்தே ஆக வேண்டியிருந்தது. பின்னர் வந்த 40ஆம் பதிப்பு ஃபர்ம்வேரில் (கைபேசிக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளில்) அந்த இயக்கம் சேர்க்கப்பட்டது. திரையை யாரும் மாற்றவில்லை. மென்பொருளை மாற்றியதும் அதே திரையில் பட்டியல் ஓடியது. உங்களிடம் இருக்கும் கைபேசியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை *#0000# என்று அடித்துப் பார்த்து, உங்கள் குறிப்புகளில் மறக்காமல் எழுதிவிடுங்கள். பதிப்பைச் சொல்லாமல் இந்தக் கைபேசியின் ஸ்க்ரோலைப் பற்றி எழுதப்படும் எதையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

---

மறுமொழி 6
எழுதியவர்: சிம்பியன்_நிரலாளர்

அளவுகோல் அவர்களின் கணக்கு மிகவும் பயனுள்ளது. நிறைமதிக்கு இன்னும் இரண்டு செய்திகள்.

நோக்கியாவே இந்தச் சிக்கலை உணர்ந்து திருத்தியது என்பதற்குச் சான்று 2010இல் வந்த என்8. அதன் சிம்பியன்^3 மென்பொருளில் பட்டியல்கள் ஒரு தட்டலில் திறந்தன. ஒரு வரியை அழுத்திப் பிடித்தால் அந்த வரிக்குரிய செயல்களின் மெனு தோன்றியது. அதாவது, 'எதை நீக்குவது' என்ற பழைய கேள்விக்கு வண்ணப்பட்டை இல்லாமலே விடை சொல்லும் வழியைக் கண்டுபிடித்த பிறகுதான் இரண்டாம் தட்டலைக் கைவிட முடிந்தது. அதே கைபேசியில் திரையும் கெபாசிட்டிவாக (அழுத்தாமல் விரல் தொட்டாலே உணரும் வகையாக) இருந்ததால், இரண்டு மாற்றங்களின் பலனும் ஒன்றாகக் கலந்து, எல்லாப் புகழும் திரைக்கே போய்விட்டது. 'ரெசிஸ்டிவ் என்பதால்தான்' என்ற அந்த ஒற்றை விடை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் கருத்தரங்குக்காக ஒரு சோதனையைப் பரிந்துரைக்கிறேன். இந்தக் கைபேசியை இதுவரை தொட்டிராத வகுப்புத் தோழர்கள் சிலரை அழைத்து, ஒரு பெயரைத் தேடி அழைப்பது, ஒரு குறுஞ்செய்தியைத் திறக்காமல் நீக்குவது ஆகிய இரண்டு வேலைகளைக் கொடுங்கள். பாதிப்பேர் விரலாலும், மீதிப்பேர் ஸ்டைலஸாலும் செய்யட்டும். ஸ்டைலஸைக் கையில் கொடுத்துவிட்டால் அழுத்தம் பதியாத குறையும் ஓரங்களில் தவறும் குறையும் பெரும்பாலும் நீங்கிவிடும். அதன் பிறகும் அவர்கள் பட்டியலில் ஒருமுறை தட்டிவிட்டுக் காத்திருந்தாலோ, ஒரு தட்டல் போதுமான இடத்தில் இரண்டாவது தட்டலால் வேண்டாத எதையாவது திறந்துவிட்டாலோ, அவற்றை மென்பொருளின் கணக்கில் எழுதலாம். விரலால் செய்தவர்களிடம் மட்டும் காணப்படும் பிழைகள் திரையின் கணக்கில் போகட்டும். வேலையைச் செய்துகொண்டே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேளுங்கள். 'தட்டினேன், ஏன் திறக்கவில்லை' என்று ஒருவர் கேட்கும்போது அவர் கண்முன் வண்ணப்பட்டை நிற்கிறதா இல்லையா என்பதைப் பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டை நின்றிருந்தால் தட்டல் பதிந்திருக்கிறது என்று பொருள்.

முடிவுகள் கிடைத்ததும் இங்கே இடுங்கள். குறுஞ்செய்தியை நீக்கும் வேலையில் எத்தனை பேர் 'விருப்பங்கள்' மெனுவைத் தாங்களாகத் தேடிப் போகிறார்கள் என்பதை அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன்.